கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், வடமேற்கு லண்டனில் சனிக்கிழமைதோறும் நான் பயிற்சி கொடுக்கும் 15 வயதுக்குட்பட்டோர் உதைபந்தாட்ட அணியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அணியில் 17 பேர். அவர்களில் 13 பேர் சோமாலியக் குடும்பத்துப் பிள்ளைகள், இருவர் தமிழர். அந்த ஒரு பக்கத்துக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அன்பாகக் கேட்டவர்கள் உண்டு, பயந்து கேட்டவர்கள் உண்டு, எனக்குக் கோபம் வரும்படி கேட்டவர்களும் உண்டு. பதில் எழுத ஆசிரியர் இந்த இதழில் கூடுதல் இடம் தந்திருக்கிறார். பிள்ளைகள் எவருடைய பெயரையும் எழுதமாட்டேன் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் இங்கே பெயர்களைத் தேடாதீர்கள்.

என் மகனுக்கு 14 வயது. சோமாலியப் பையன்கள் நிறைந்த ஓர் அணியில் விளையாடுகிறான். பயிற்சி முடிந்து வீடு வர இரவு எட்டரை ஆகிறது. கத்திக்குத்துச் செய்திகளைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. நிறுத்திவிடட்டுமா?
– ஒரு தாய், ஹரோ

நிறுத்தாதீர்கள், சகோதரி. அடுத்த பயிற்சிக்கு நீங்களே போய் மைதானத்தின் ஓரத்தில் நில்லுங்கள்.

உங்கள் பயம் சும்மா வந்ததல்ல. சென்ற ஆண்டு நவம்பரில் எங்கள் மைதானத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பையனைக் குத்திவிட்டார்கள். உயிர் பிழைத்துவிட்டான். எங்கள் அணியைச் சேர்ந்தவன் அல்ல, ஆனால் எங்கள் பையன்களில் நால்வருக்கு அவனைத் தெரியும். அடுத்த பயிற்சிக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். வந்த ஆறு பேரும் பந்தைப் பார்க்கவில்லை, வேலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதியில் நிறுத்தி, ஒவ்வொருவரையும் வீடு வரை கொண்டுபோய் விட்டேன்.

அதற்கடுத்த வாரம் நான் போனபோது மைதானத்தில் ஒன்பது பெண்கள் நின்றார்கள். பையன்களின் தாய்மார். ஹோயோ என்பார்கள், சோமாலிய மொழியில் அம்மா. கணுக்கால்வரை நீண்ட ஆடை, அதன்மேல் தடித்த குளிர்ச்சட்டை, கையில் பிளாஸ்க். நான்கு மூலைக் கொடிகளிலும் இருவர் இருவராக நின்றார்கள், வாசலில் ஒருவர். நான் அழைக்கவில்லை, வேறு யாரும் அழைக்கவில்லை. தங்களுக்குள் தொலைபேசியில் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். ஆட்டத்தைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் பிள்ளைகள் எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஆனால் தூறலில் ஒன்றரை மணிநேரம் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. முடிந்ததும் கறுவாவும் ஏலமும் மணக்கும் இனிப்புத் தேநீரை எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் 17 பேரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

அன்று அந்தத் தாய்மாரில் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்த இரண்டு தமிழ்ப் பையன்களும் எப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள்? என் மகன் அவர்களோடுதான் பஸ்ஸில் வருகிறான்." உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அவருடைய முகம்தான் நினைவுக்கு வந்தது. நீங்கள் இருவரும் ஒரே பஸ் நிறுத்தத்தைப் பார்த்துத்தான் பயந்துகொண்டிருக்கிறீர்கள்.

செய்யக்கூடியதைச் சொல்கிறேன். மகன் எந்தப் பஸ்ஸில் வருகிறான், அவனோடு யார் இறங்குகிறார்கள் என்று கேட்டு வையுங்கள். அந்தப் பையனின் தாயுடைய தொலைபேசி எண்ணை வாங்குங்கள். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, அவருக்கும் தடுமாறும். பையன்கள் இருவர் மூவராக வரட்டும். பயிற்சியாளர் கண்முன்னே நிற்கும் இரவு ஏழு மணியைவிட, பாடசாலை விட்டபின் எவரும் கவனிக்காத நான்கு மணி முதல் ஆறு மணி வரையான நேரம்தான் எனக்குக் கவலை தருகிறது. அந்த நேரத்தில் அவன் எங்கே இருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியுமா?

சோமாலியா என்றாலே கடற்கொள்ளையர்தான் நினைவுக்கு வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளோடு எப்படிப் பழகுகிறீர்கள்?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதவே கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு எங்கள் வலது ஓர ஆட்டக்காரன் நினைவுக்கு வந்தான். லண்டன் மருத்துவமனையில் பிறந்தவன். சோமாலியக் கடலை அவன் கண்ணால் கண்டதில்லை. அந்தக் கடலில் கொள்ளை உச்சத்தில் இருந்தது 2008 முதல் 2011 வரை. அப்போது அவன் பிறக்கவில்லை, பிறந்திருந்தாலும் தொட்டிலில் கிடந்திருப்பான். ஆனால் வகுப்பில் ஒரு பென்சில் தொலைந்தால் அவனைத்தான் 'கொள்ளைக்காரன்' என்கிறார்கள். அவன் சிரித்துக்கொண்டே அதை என்னிடம் சொன்னான். சிரிப்பு முடிந்ததும் நீண்ட நேரம் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

1992இல் நான் இந்த நாட்டுக்கு வந்தபோது, ஊர் யாழ்ப்பாணம் என்று சொன்னதும், 'நீ புலியா?' என்று கேட்ட மேலாளர் ஒருவரிடம் வேலை பார்த்தேன். அதே கேள்வியை இன்னொரு பிள்ளையிடம் கேட்க எனக்கு வாய் வராது, ஐயா. உங்களுக்கும் வரக்கூடாது.

இவ்வளவு சோமாலியர்கள் பிரித்தானியாவுக்கு எப்போது, எப்படி வந்தார்கள்?
– கல்லூரி மாணவி, திருச்சிராப்பள்ளி

பலர் நினைப்பதுபோல எல்லோரும் போரில் வந்தவர்கள் அல்ல, மகளே. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தபின், ஏடன் துறைமுகம் வழியாகப் போன பிரித்தானிய நீராவிக் கப்பல்களில் சோமாலிய இளைஞர்கள் நிலக்கரி அள்ளிப் போடும் வேலைக்குச் சேர்ந்தார்கள். வேல்ஸின் கார்டிஃப், வடக்கே சவுத் ஷீல்ட்ஸ், கிழக்கு லண்டன் என்று துறைமுகம் இருந்த இடங்களிலெல்லாம் தங்கினார்கள். கார்டிஃப்பின் பியூட்டவுண் பகுதியில் அவர்களுக்கு நூறாண்டைத் தாண்டிய வரலாறு இருக்கிறது.

அந்த வரலாற்றில் ஒரு காயமும் உண்டு. மஹ்மூத் மத்தான் என்ற சோமாலிய மாலுமி, ஒரு கடைக்காரப் பெண்ணைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு 1952இல் கார்டிஃப் சிறையில் தூக்கிலிடப்பட்டார். கடைசிவரை தான் செய்யவில்லை என்றே சொன்னார். அவருடைய வேல்ஸ் மனைவியும் மூன்று மகன்களும் பல ஆண்டுகள் போராடினார்கள். 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை இரத்துச் செய்தது. பொலிஸ் மன்னிப்புக் கேட்டது 2022இல். தூக்கிலிட்டு 70 ஆண்டுகளுக்குப் பிறகு. தெருவில் மறித்துப் பையைத் திறந்து காட்டச் சொல்லும் பொலிஸைப் பற்றி எங்கள் பையன்கள் முணுமுணுக்கும்போது, அவர்களுடைய பெரியவர்கள் மனதில் இந்தக் கதையும் ஓடுகிறது.

பெரும் கூட்டமாக வந்தது போருக்குப் பிறகுதான். 1988இல் சோமாலியாவை ஆண்ட சியாத் பாரேயின் அரசு தன் சொந்த நாட்டு நகரமான ஹர்கேசாமீது குண்டு வீசியது. 1991 ஜனவரியில் அந்த அரசே விழுந்தது. 1992இல் நான் தங்கிய அகதிகள் விடுதியில் எனக்கு அடுத்த கட்டிலில் இருந்தவர் ஹர்கேசாவில் ஆசிரியராக இருந்தவர். "எங்கள் ஊர் விமான நிலையத்திலிருந்தே கிளம்பி எங்கள் ஊர்மேலேயே போட்டார்கள்" என்றார். அதற்குமேல் அவர் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இரவில் விமானச் சத்தம் கேட்டால் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் எழுந்து உட்காருவோம்.

2000ஐ ஒட்டி இன்னொரு வரவும் நடந்தது. நெதர்லாந்திலும் ஸ்கண்டிநேவியாவிலும் குடியுரிமை பெற்ற பல குடும்பங்கள் லெஸ்டர், பர்மிங்ஹாம், லண்டன் என்று இங்கே இடம்பெயர்ந்தன. எங்கள் கோல்காப்பாளரின் தாய் காசு எண்ணும்போது இன்றும் நெதர்லாந்து மொழியில்தான் எண்ணுகிறார்.

அவர்களிடம் சாதி இல்லை என்கிறார்களே, உண்மையா? அணியில் அப்படி ஏதாவது தெரிகிறதா?
– ஓர் ஆசிரியர், மதுரை

நம்முடைய சாதி போன்றதல்ல அது. குலம். அவர்கள் 'கபீல்' என்பார்கள். தந்தை வழியாகப் பெயர்களை அடுக்கிக்கொண்டே போய் ஒரு மூதாதையில் சேர்வது. பெரியவர்கள் புதிதாக ஒரு பையனைக் கண்டால் 'கொலமா தஹய்?' என்று கேட்பார்கள், 'நீ எந்தக் குலம்?' என்று. உள்நாட்டுப் போரில் இந்தக் கேள்விக்குச் சொன்ன பதிலால் உயிர் பிழைத்தவர்களும் உண்டு, உயிரிழந்தவர்களும் உண்டு. சோமாலிய நாடாளுமன்றத்தில் இடங்களைப் பங்கிடுவதுகூட 2000 முதல் 'நான்கரை' என்ற கணக்கில்தான். நான்கு பெரும் குலங்களுக்கு ஒவ்வொரு முழுப் பங்கு, மற்ற எல்லோருக்கும் சேர்த்து அரைப் பங்கு.

அந்த 'அரை' என்ற சொல் என்னை உறுத்துகிறது. மனிதரை அரையாக எண்ணுவது எப்படி வலிக்கும் என்பதை நம் ஊர்களில் வளர்ந்த எவருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

பிள்ளைகளிடம் இது எவ்வளவு இருக்கிறது என்றால், குறைவு. பலருக்குத் தங்கள் குலத்தின் பெயர் தெரியும், அதனால் என்ன என்பது தெரியாது. ஆனால் வளர்ந்தவர்களின் போட்டிகளில் குலத்தை ஒட்டியே அணி கட்டியதை நான் கண்டிருக்கிறேன். ஜூலை 1, சோமாலியச் சுதந்திர நாளை ஒட்டி நடந்த ஒரு போட்டியில், ஒரு தவறான ஆட்டத்துக்காகத் தொடங்கிய சண்டை இரண்டு நிமிடத்தில் பாட்டன் பெயர்களுக்குப் போய்விட்டது. எங்கள் பையன்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று முதல் எங்கள் அணியில் ஒரு விதி இருக்கிறது: கோட்டுக்குள்ளே 'எந்த இடத்து ஆட்டக்காரன்' என்று மட்டுமே கேட்கலாம்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும், இது மகிழ்ச்சியான விஷயம். அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், தந்தை பெயர், பாட்டன் பெயர் என்று மூன்று. திருமணமானாலும் பெண் தன் தந்தையின் பெயரை மாற்றுவதில்லை. தலைப்பெழுத்தோடு வாழும் நமக்கு இது உடனே புரியும். பாடசாலை அலுவலகங்களுக்குத்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஏன் வேறு பெயர் என்று புரிவதில்லை. அப்பாவின் சகோதரன் 'அடேர்', அம்மாவின் சகோதரன் 'அப்தி'. நாம் சித்தப்பாவையும் மாமாவையும் பிரிப்பதுபோல. பையன்கள் என்னை அடேர் என்கிறார்கள். எங்கள் அணிப் பட்டியலில் ஐந்து முகமதுகள் இருக்கிறார்கள். அதனால் சோமாலியர் வழக்கப்படி எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு. உயரமானவன் 'டேரே', கட்டையானவன் 'காப்'. இந்தப் பெயர்களில் எவரும் மனம் நோவதில்லை. தாய்மாரே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

உலக அளவில் பெயர் சொல்லும்படி சோமாலிய உதைபந்தாட்ட வீரர்கள் இருக்கிறார்களா?
– பல்கலைக்கழக மாணவர், ரொறன்ரோ

இருக்கிறார்கள், தம்பி. ஆனால் பெரும்பாலும் வேறு நாடுகளின் மண்ணில் வளர்ந்தவர்கள். சோமாலியாவில் பிறந்து நோர்வேயில் வளர்ந்த அப்திசலாம் இப்ராஹிம், 2010இல் மான்செஸ்டர் சிட்டிக்காக இறங்கி, இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஆடிய முதல் சோமாலியர் ஆனார். சோமாலியத் தலைநகர் மொகடிஷுவில் பிறந்து இத்தாலியில் வளர்ந்த அயூப் தாவூத் 2009இல் யுவென்டஸின் முதல் அணிக்காக ஆடினார்.

எங்கள் பையன்களுக்கு இந்த இரண்டு பெயர்களைவிட ஒரு நாள்தான் பெரியது. 2019 செப்டம்பர் 5, வியாழக்கிழமை. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சோமாலிய அணி சிம்பாப்வேயை 1–0 என்று வென்றது. உலகக் கிண்ணத் தகுதி ஆட்டமொன்றில் அவர்களுடைய முதல் வெற்றி அது. சொந்த ஊர் ஆட்டம் என்று பெயர், நடந்தது அண்டை நாடான ஜிபூட்டியில். மொகடிஷுவில் ஆட முடியாத நிலை. அப்போது என்னிடம் இருந்த பழைய அணிப் பையன் ஒருவன் அன்று மாலை என்னைத் தொலைபேசியில் அழைத்து, ஒன்றும் பேசாமல் அழுதான். அவன் தந்தை பின்னாலிருந்து, "86ஆவது நிமிடம், 86ஆவது நிமிடம்!" என்று கத்திக்கொண்டிருந்தார். ஐந்து நாள் கழித்து ஹராரேயில் 3–1 என்று தோற்று வெளியேறினார்கள். அதைப் பற்றி இதுவரை எவரும் என்னிடம் பேசியதில்லை.

அந்த நாட்டில் 2010 உலகக் கிண்ணத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பதையே ஆயுதக் குழுக்கள் தடை செய்திருந்தன. ஒலியைக் குறைத்து, கதவை அடைத்துப் பார்த்தார்கள். மொகடிஷு விளையாட்டரங்கம் பல ஆண்டுகள் படை முகாமாகக் கிடந்து 2020இல்தான் மறுபடி திறந்தது. அந்த நாட்டிலிருந்துதான் 2024 ஜனவரியில் ஓமர் அர்தான், ஆப்பிரிக்கக் கிண்ணத்தில் நடுவராக நின்ற முதல் சோமாலியர் ஆனார்.

பனிக்கட்டியில் ஆடியவர்களையும் கேள்விப்படுங்கள். சுவீடனின் போர்லெங்கே நகரில் குடியேறிய சோமாலிய இளைஞர்கள் 2013இல் 'பாண்டி' என்ற பனிச்சறுக்கு ஆட்டத்துக்கு அணி கட்டினார்கள். பலர் அதற்கு முன் சறுக்குக் காலணியே போட்டதில்லை. அடுத்த ஆண்டே சைபீரியாவின் இர்குட்ஸ்கில் உலகப் போட்டிக்குப் போனார்கள். எல்லா ஆட்டங்களிலும் தோற்றார்கள். ஆனால் போர்லெங்கேயில் அவர்களை வெறுப்போடு பார்த்தவர்களும் அவர்களுக்காகக் கைதட்டத் தொடங்கினார்கள்.

பெண் பிள்ளைகள் விளையாடுகிறார்களா? அனுமதிக்கிறார்களா?
– உடற்கல்வி ஆசிரியை, மட்டக்களப்பு

விளையாடுகிறார்கள். எளிதாக அல்ல. ஜவாஹிர் ரோப்ளே என்ற பெண்ணைப் பற்றி உங்கள் மாணவிகளுக்குச் சொல்லுங்கள். பத்து வயதளவில் போரிலிருந்து தப்பி லண்டன் வந்தவர். வெம்பிளி விளையாட்டரங்கத்தின் அருகே வளர்ந்தவர். உதைபந்தாட்டம் பெண்களுக்கானதல்ல என்று வீட்டில் முதலில் சொன்னார்கள். அவர் ஹிஜாப் அணிந்தே நடுவரானார், ஆண்களின் ஆட்டங்களுக்கும் ஊதினார். 2023இல் அவருக்கு அரச விருதும் கிடைத்தது. தலையை மூடிக்கொண்டு ஆடுவதற்கு உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் முறையாக அனுமதி கொடுத்ததே 2014இல்தான். 2011இல் ஈரான் பெண்கள் அணியை அதே காரணத்துக்காக ஒலிம்பிக் தகுதி ஆட்டத்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள்.

அமெரிக்காவின் மின்னியாப்பொலிஸில், சோமாலியர் செறிந்து வாழும் சீடர்-ரிவர்சைட் பகுதிச் சிறுமிகள் 2015இல் தங்கள் கூடைப்பந்துச் சீருடையைத் தாங்களே வடிவமைத்துக்கொண்டார்கள். தடை என்று நாம் நினைப்பது பல நேரம் உடை, நேரம், யார் பார்க்கிறார்கள் என்ற மூன்றுதான். என் பையன்களில் ஒருவனுடைய தங்கை பந்தை எடுத்தால் அவனைவிட நன்றாக ஆடுவாள். அவளுக்கு ஒரு பெண் பயிற்றுநரும், சுற்றி மறைப்புள்ள ஓர் உள்ளரங்கமும் கிடைத்தால் தாய் நாளையே அனுப்புவார். நான் நகரசபைக்கு எழுதிய மூன்று கடிதங்களும் அதற்காகத்தான்.

எங்கள் பக்கத்து வீட்டுச் சோமாலியப் பையன் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனான். பாடசாலை தொடங்கியும் திரும்பவில்லை. 'தகன் செலிஸ்' என்கிறார்கள். அது என்ன?
– ஒரு வாசகி, ஒஸ்லோ

நீங்கள் எழுதிய சொல்லைப் பார்த்ததும் என் வயிறு கலங்கியது. 'பண்பாட்டுக்குத் திருப்புதல்' என்று பொருள். மேலைநாட்டில் பிள்ளை கைமீறிப் போகிறான் என்று பயந்த பெற்றோர், விடுமுறை என்று சொல்லி அழைத்துப்போய், ஹர்கேசாவிலோ மொகடிஷுவிலோ நைரோபியின் ஈஸ்ட்லீயிலோ உறவினரிடம் விட்டுவிடுவது. கடவுச்சீட்டு பெரியவர்களின் கைக்குப் போய்விடும். சிலர் பாட்டியின் வீட்டில் தங்கி, மொழி கற்று, நல்லவிதமாகவே திரும்புகிறார்கள். சிலரைத் 'திருத்தும் இல்லங்கள்' என்ற பெயரில் இயங்கும் பூட்டிய இடங்களில் சேர்க்கிறார்கள். அவற்றில் அடித்ததும் சங்கிலியால் கட்டியதும் பலமுறை வெளிவந்த உண்மை.

என் அணியிலும் ஒருவன் போனான். இடது ஓரம். 14 வயது. பாடசாலை அவனை இரண்டு முறை வெளியேற்றியிருந்தது. யாரோ அவனுக்குப் புதிய தொலைபேசி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். இலவசமாகத் தொலைபேசி வாங்கித் தருபவன் பிறகு என்ன வேலை வாங்குவான் என்று அந்தத் தாய்க்குத் தெரியும். ஜூலையில் டிக்கெட் போட்டார். செப்டம்பரில் நான் அவர் வீட்டுக்குப் போனேன், சண்டை பிடிக்கும் மனத்தோடு. அவர் கதவைத் திறந்து சொன்ன முதல் வாக்கியம்: "அடேர், அங்கே அவன் உயிரோடு இருப்பான்." சண்டை என் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ஆனாலும் அது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். பிள்ளையிடம் பொய் சொல்லி விமானத்தில் ஏற்றினால் அவன் இழப்பது ஊரை அல்ல, தாயின் சொல்லை. 19 மாதங்கள் கழித்து அவன் திரும்பினான். சோமாலிய மொழி நன்றாகப் பேசுகிறான். தாயோடு மட்டும் பேசுவதில்லை. மைதானத்துக்கு வருகிறான், ஆடுவதில்லை. கூம்புகளை அடுக்குகிறான், பந்துகளுக்குக் காற்றடிக்கிறான். நான் ஒன்றும் கேட்பதில்லை.

நீங்கள் செய்யக்கூடியது: அந்தத் தாயின் வீட்டுக்குக் குற்றம் சொல்லப் போகாதீர்கள், சாப்பாடு எடுத்துக்கொண்டு போங்கள். அவன் எப்படி இருக்கிறான், அவனோடு பேச முடியுமா என்று கேளுங்கள். அவன் பூட்டிய இடத்தில் இருப்பதாகவோ அடிபடுவதாகவோ தெரிந்தால் தயங்காமல் அவனுடைய பாடசாலைக்கும் பிள்ளைகள் நலப் பிரிவுக்கும் சொல்லுங்கள். அவன் நோர்வே குடிமகன் என்றால், அந்த நாட்டுத் தூதரகத்துக்கு அவன்மீது கடமை இருக்கிறது. அக்கம்பக்க நட்பு கெட்டுவிடும் என்று அந்த நேரத்தில் பார்க்காதீர்கள்.

இவ்வளவு சிரமத்தில் இருக்கும் குடும்பங்கள் அணிச் செலவை எப்படிச் சமாளிக்கின்றன? ஊருக்கும் பணம் அனுப்ப வேண்டுமே?
– வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

சீட்டுப் பிடித்துத்தான். அவர்கள் 'அயூட்டோ' என்கிறார்கள், சிலர் 'ஹக்பத்' என்பார்கள். நம் ஏலச்சீட்டு போலக் கழிவு கிடையாது, வட்டி கிடையாது. முறை வந்தவர் முழுத் தொகையையும் எடுக்கிறார். எங்கள் தாய்மாரில் 12 பேர் மாதம் 40 பவுண் போடுகிறார்கள். காகிதத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. மார்ச் மாதம் முறை வந்த ஒருவர், அந்த 480 பவுணையும் மைதான முன்பணத்துக்குக் கொடுத்துவிட்டார். பத்து மாதத்தில் திருப்பிக் கொடுத்தோம். அவர் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் பெண். 'இஸ்காஷதோ மா குஃப்தோ' என்று அவர்களிடம் ஒரு பழமொழி, கைகோத்தவர்கள் விழமாட்டார்கள் என்று. பணத்தை என் கையில் வைத்தபோது அதைத்தான் சொன்னார்.

ஊருக்கு அனுப்புவது நாம் ஒருகாலத்தில் 'உண்டியல்' என்று சொன்ன வழியில். அவர்களிடம் அது 'ஹவாலாத்', இன்று முறையாகப் பதிவு செய்த நிறுவனங்கள். சோமாலியாவில் வழக்கமான வங்கி அமைப்பு போரோடு சிதைந்துபோனதால் கோடிக்கணக்கான பணம் இப்படித்தான் போகிறது. 2013இல் ஒரு பெரிய பிரித்தானிய வங்கி அந்த நிறுவனங்களின் கணக்குகளை மூடப்போவதாக அறிவித்தபோது, ஓட்டவீரர் மோ ஃபாரா உட்படப் பலர் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். மாதம் நூறு பவுண் போகாவிட்டால் ஒரு பாட்டிக்கு மருந்து இல்லை. அணியை விட்டுப் போன மூத்த பையன்களில் ஒருவன், 16 வயதில் கடையில் பகுதிநேர வேலை தொடங்கிய முதல் மாதமே பாட்டிக்கு 30 பவுண் அனுப்பினான். ரசீதை என்னிடம் காட்டினான். கிண்ணம் வென்ற அன்றுகூட அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததில்லை.

நோன்பு மாதத்தில் என்ன செய்கிறீர்கள்?
– ஒரு வாசகர், காயல்பட்டினம்

பகல் பயிற்சியை நிறுத்திவிட்டு, இரவுத் தொழுகை முடிந்தபின் விளக்கு வெளிச்சத்தில் ஆடுகிறோம். ஆண்டிலேயே அதிகம் பேர் வரும் இரவுகள் அவைதான், தந்தையரும் இறங்கிவிடுவார்கள். 2021 ஏப்ரலில் லெஸ்டர் சிட்டி – கிறிஸ்டல் பேலஸ் ஆட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்தி, நோன்பிருந்த வீரர்கள் வாய் நனைக்க விட்டார்கள். அந்தக் காட்சியைப் பல வீடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

நான் 24 வயதுத் தமிழ் இளைஞன். ஓரளவு பந்து ஆடுவேன். இப்படியொரு அணிக்கு உதவ விரும்புகிறேன். என்ன தகுதி வேண்டும்?
– ஓர் இளைஞர், ஈஸ்ட்ஹாம்

முதலில் தாள்கள், தம்பி. குற்றப் பதிவுச் சோதனை கட்டாயம். பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சியும் முதலுதவிப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். இவை இல்லாமல் எவரையும் நான் பிள்ளைகளுக்கு அருகில் விடமாட்டேன், உங்களையும் விடமாட்டேன்.

பிறகு, ஒரு கதை. மோ ஃபாராவை ஒலிம்பிக் தங்கத்தால் உலகத்துக்குத் தெரியும். 2022இல் அவரே சொன்ன இன்னொரு கதை இருக்கிறது. அவருடைய உண்மைப் பெயர் ஹுசைன் அப்தி காஹின். நான்கு வயதில் தந்தை கொல்லப்பட்டார். ஒன்பது வயதளவில் வேறொரு பிள்ளையின் பெயரில் லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, ஒரு வீட்டில் வேலைக்காரனாக வைக்கப்பட்டார். அந்தச் சிறுவனுக்கும் ஆர்சனலுக்காகப் பந்து ஆட வேண்டும் என்பதுதான் கனவு, எங்கள் பையன்களில் 11 பேரைப்போல. அவன் இந்த நாட்டில் தன் உண்மையை யாரிடம் சொன்னான்? பொலிஸிடம் அல்ல. தன் உடற்கல்வி ஆசிரியரிடம். அந்த ஆசிரியர்தான் அவனை அந்த வீட்டிலிருந்து மீட்க வழி செய்தார்.

நான் இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். மேசைக்கு எதிரே உட்காரவைத்துக் கேட்டால் இந்தப் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. பந்துகளைப் பையில் போடும்போது, வலையை அவிழ்க்கும்போது, முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் நின்றால், ஒரு வாக்கியம் வரும். அண்ணன் மூன்று நாளாக வீட்டுக்கு வரவில்லை என்றோ, அம்மா அழுகிறாள் என்றோ. அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் ஆறு மாதம் காத்திருந்திருக்கிறேன். நீங்கள் மூன்று வாரம் வந்துவிட்டு நின்றுவிடுவீர்கள் என்றால் தயவுசெய்து வராதீர்கள். அப்படி வந்து போனவர்களை அவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு பார்த்துவிட்டார்கள்.

இருப்பீர்கள் என்றால், தாள்களை முடித்துவிட்டு ஆசிரியர் முகவரிக்கு எழுதுங்கள். சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வலை கட்டத் தொடங்குவோம். குளிரில் கொக்கிகள் விரலைக் கிழிக்கும், கையுறை கொண்டுவாருங்கள். கூம்புகளைத் தொடாதீர்கள், அது அவனுடைய வேலை.